சூட்டுக் குழாயும் என் வயிற்றெரிச்சலும்

என் மனைவி முருகேஸ்வரிக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கும் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனருக்கும் வித்தியாசம் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷமாகக் கொடைக்கானலில் வண்டி வேலை பார்ப்பவன் நான். அட்டுவம்பட்டி போகிற ரோட்டில் பொன்னுவேல் ஒர்க்‌ஷாப் எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அப்படி வழி கேட்டு வருகிறவன் வண்டியை நிறுத்திவிட்டு, கிரீஸ் கையோடு நிற்கிற என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா இல்லையாண்ணே?" என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? வயிறு எரியும். கட்டின பெண்டாட்டி மேல் பொறாமைப்படுகிறவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பட்டது அதுதான். என் கடைக்கு வருகிறவன் என்னைத் தேடி வரவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அவள் கவுஞ்சிக்காரி. அப்பாவுக்கு மலைச்சரிவில் படிப்படியாக நாலு துண்டு நிலம். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுவார்கள். பத்தாவது முடித்ததும் டவுனுக்கு வந்து, மிஷன் நடத்தின ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலையில் சேர்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம், பின்னால் பதினைந்து வருஷம் அதே நாற்காலி. நோயாளியின் பேர், வயசு, ஊர் எழுதி டாக்டரம்மாவிடம் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் சோலி. இவள் அதோடு விடமாட்டாள். எத்தனை நாளாக, சாயங்காலம் கூடுகிறதா காலையில் கூடுகிறதா, சாப்பிடுவதற்கு முன்னாலா பின்னாலா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டுச் சீட்டின் பின்பக்கம் வரைக்கும் எழுதித் தள்ளுவாள். டாக்டரம்மா ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சீட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். ஆறு வருஷத்துக்கு முன்னால் டாக்டரம்மா வயசாகி ஊருக்குப் போனார், ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். "வீட்டுல சும்மா இருக்கிறதுக்குக் கடையில வந்து பில்லு போடேன்" என்று கூப்பிட்டது நான்தான். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

வந்த ஒரு மாதத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினாள். வண்டி வந்தால் நம்பரை எழுதிக்கொண்டு டிரைவரைக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. காய்ச்சலா, பேதியா என்று அவளைக் கேலி பண்ணுவேன். அப்புறம் பழனிக்குமாரின் ஜீப் வந்தது. சுற்றுலா ஆட்களை ஏற்றுகிற பழைய ஜீப், ஏற்றத்தில் நின்று நின்று போகிறது. நான் டீசல் பம்பை இரண்டு தடவை பிரித்து மாட்டினேன். இவள் உட்கார்ந்த இடத்திலிருந்து, "காலையில ஏறும்போது நிக்குதா, சாயங்காலமா? டீசல் எப்பப் போடுவீங்க?" என்று கேட்டு, டேங்க் பாதிக்குக் கீழே போனால்தான் நிற்கிறது என்று கண்டுபிடித்தாள். டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் பாதி உயரத்தில் மயிரிழை விரிசல். டீசல் அதுக்குக் கீழே போனதும் காற்றை இழுத்திருக்கிறது. பழனிக்குமார் ஜீப் ஸ்டாண்டு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டான்.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் ஒருநாளும் வாடிக்கைக்காரன் முன்னால் எனக்குப் பாடம் எடுத்ததில்லை. கண்டுபிடித்ததை ஒரு துண்டுத் தாளில் எழுதி நான் பிளக் வைக்கிற தட்டுக்கு அடியில் செருகிவிட்டுப் போய்விடுவாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. சத்தமாகச் சொன்னாலாவது சண்டை போடலாம். தட்டைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் தாள் இருக்குமோ என்று ஒரு திக். இல்லாவிட்டால் ஒரு நிம்மதி. அப்படி ஆகிப்போயிற்று என் பிழைப்பு.

போன மார்கழியில் அருளப்பன் சார் வந்தார். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டராக இருந்து ரிட்டயர்ட் ஆனவர். தினமும் சர்ச்சில் காலைத் திருப்பலிக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். வீட்டம்மா இசபெல்லாவுக்கு முழங்கால் வலி, நடக்க முடியாது என்று மலைக்குக் கீழே ஆயக்குடியில் ஒரு கொய்யா வியாபாரியிடமிருந்து பழைய மாருதி எண்ணூறு ஒன்றை வாங்கியிருந்தார். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டர் வைத்த காலத்து வண்டி. அதன் வியாதி இதுதான்: விடிகாலையில் சர்ச்சுக்குப் போகும்போது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் நடுங்கும், விட்டு விட்டு ஓடி மிஸ்ஸிங் அடிக்கும், பொசுக்கென்று நின்றுவிடும். அதே வண்டி வெயில் ஏறி பதினோரு மணிக்கு என் கடைக்கு வந்தால் பூனைக்குட்டி மாதிரி உறுமிக்கொண்டு நிற்கும். நான் ஒரு குறையும் வைக்கவில்லை. பிளக் மாற்றினேன். கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று டேங்கை வடித்தேன். காயிலை மாற்றிப் பார்த்தேன். காலை எடுத்தாலும் எஞ்சின் அணையாமல் ஓட வைக்கிற ஸ்லோ ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன். மூன்று தடவை வந்து மூன்று தடவையும் போய், மறுநாள் நின்றது.

நாலாவது தடவை வந்தபோது கடையில் நாலு பேர் இருந்தார்கள். அருளப்பன் சார் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "பொன்னுவேலு, இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா பழைய இரும்புக்காரன்ட்டத் தள்ளி விட்டுருவேன். ஒன்னால முடியலேன்னா முடியலேன்னு சொல்லிரு, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். என் மூஞ்சியில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்துப் பழனிக்குமார் வாயைத் திறந்தான்: "சார், அக்காட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாருங்களேன்."

அவர் நேராக அவள் மேஜைக்குப் போனார். நான் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு கேட்டேன். வேலை பார்த்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், ஒட்டுக்கேட்டேன்.

"கெளம்புன ஒடனே நிக்குமா சார்?"

"இல்லம்மா. பத்து நிமிசம் நல்லாத்தான் ஓடும். சர்ச்சுக்குப் போற எறக்கத்துலதான் நடுங்க ஆரம்பிக்கும்."

"நின்ன பெறகு என்ன செய்வீங்க?"

அவர் கொஞ்சம் கூச்சப்பட்ட மாதிரி இருந்தது. "மாதாவ வேண்டிக்குவோம்" என்றார். வண்டி நின்றதும் இசபெல்லா அம்மா ஜெபமாலையை எடுப்பாராம். ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக எண்ணிச் சொல்வார்கள். இரண்டு பத்து முடிந்து சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும். "மாதா ஒருநாளும் கைவிட்டதில்லம்மா. அதனாலதான் இத மெக்கானிக்கிட்டச் சொல்லல."

நான் ஜீப்புக்கு அடியில் சிரிப்பை அடக்கினேன். என்னிடம் சொல்லியிருந்தால் முகத்துக்கு நேராகவே சிரித்திருப்பேன். அது அவருக்கும் தெரிந்துதான் சொல்லாமல் இருந்திருக்கிறார். முருகேஸ்வரி சிரிக்கவில்லை.

"ஒரு பத்துல கெளம்புனது உண்டா சார்?"

"இல்ல. அவசரத்துல முயற்சி பண்ணியிருக்கோம், கெளம்பாது. ரெண்டு பத்து வேணும்."

"நேத்து வெள்ளனே புல்லு பூரா உறைபனி வெள்ளையாக் கெடந்துச்சே. நேத்து நின்னுச்சா?"

"நேத்து நிக்கல. அதான் எனக்கும் அதிசயம்."

"முந்தாநாளு?"

"நின்னுச்சு. அன்னைக்கு எதிர்க்க வர்ற ஆளு தெரியாத மூடுபனி."

"பழனிப் பக்கம் எறங்குனா?"

"பெருமாள்மலைக்குக் கீழ ஒருநாளும் நின்னதில்லம்மா."

அன்று சாயங்காலம், கடையில் எல்லோரும் போனபிறகு, அவள் என்னிடம் வந்து நின்றாள். "குளிரு இல்லங்க, ஈரம்" என்றாள். உறைபனி விழுந்த காய்ந்த குளிரில் வண்டி நிற்கவில்லை. அதைவிடக் குளிர் குறைந்த மூடுபனியில் நிற்கிறது. டீக்கடையில் அடுப்பை வேகமாக எரித்தால் சிலிண்டருக்கு அடியில் வெள்ளையாகப் பனி பூக்குமே, அந்த மாதிரிக் கார்பரேட்டரின் தொண்டையில் பெட்ரோல் பரவுகிற சில்லிப்பில் காற்றிலிருக்கிற ஈரம் உறைகிறது, வழி அடைபடுகிறது, எஞ்சின் நிற்கிறது. நின்ற பிறகு எஞ்சின் சூட்டில் அதுவே கரைந்துவிடுகிறது. கரைவதற்கு ஜெபமாலையில் இரண்டு பத்து சொல்லி முடிக்கிற நேரம் பிடிக்கிறது. "தானா வந்து தானாப் போகுதுங்க. நீங்க பாக்கும்போது அது உள்ள இல்ல."

பிறகு என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இன்னொரு பழைய எண்ணூறு நின்றது, பிறந்ததிலிருந்து கொடைக்கானலை விட்டு இறங்காத வண்டி. அதன் பானெட்டைத் திறந்து காட்டினாள். சைலன்சர் தொடங்குகிற இடத்திலிருந்து ஒரு குழாய் கிளம்பி ஏர் ஃபில்டரின் மூக்குக்கு வருகிறது. எஞ்சின் சூட்டைக் கொண்டுவந்து உள்ளே போகிற காற்றை வெதுவெதுப்பாக்கும் குழாய். மூக்கில் ஒரு சின்ன லீவர், குளிருக்கு ஒரு பக்கம், வெயிலுக்கு ஒரு பக்கம். அருளப்பன் சார் வண்டியில் அந்தக் குழாய் இல்லை. ஓட்டையில் துணியைத் திணித்திருந்தார்கள்.

என் காது சூடாகிவிட்டது. அந்தக் குழாய் எனக்குத் தெரியாததா? நான் தொழில் பழகியது திண்டுக்கல்லில். அந்த வெயிலில் சூட்டுக் காற்று யாருக்கு வேண்டும்? குழாய் இற்றுப்போனால் கழற்றி எறிந்துவிட்டுத் துணியைத் திணிப்போம். அதே கைப்பழக்கத்தோடு மலை ஏறி வந்து, இருபத்தாறு வருஷமாக இந்தக் குளிரிலும் அதையே செய்துகொண்டிருக்கிறேன். எத்தனை குழாயை எறிந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆயக்குடிக்காரன் செய்ததற்கு ஒரு நியாயம் உண்டு, எனக்கு அதுவும் கிடையாது.

"ஒனக்கு என்னடி தெரியும்? ஐஸாம் ஐஸு. சீட்டு எழுதுறவ சீட்டு எழுதுற வேலையப் பாரு" என்றேன்.

"சரிங்க" என்று நோட்டை மூடினாள்.

மறுநாள் வெள்ளனே, அவளுக்குச் சொல்லாமல், அருளப்பன் சார் வண்டியை எடுத்துக்கொண்டு நான் மட்டும் கிளம்பினேன். நல்ல மூடுபனி. ஏரியைச் சுற்றிக்கொண்டு போய் இறக்கத்தில் காலை எடுத்தேன். நடுங்கியது. மிஸ்ஸிங் அடித்தது. நின்றது. ஓடிப்போய் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டரைக் கழற்றி செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். கார்பரேட்டரின் தொண்டையைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பனி. நகத்தால் சுரண்டினேன், துருவின தேங்காய் மாதிரி வந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். கரைந்தது, தண்ணீராகி உள்ளே ஒழுகியது, பிறகு எல்லாம் சுத்தமாக, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. சாவியைத் திருப்பினேன், கிளம்பிவிட்டது.

அந்த இடத்தில் ஒரு நல்ல மெக்கானிக் என்ன நினைத்திருக்க வேண்டும்? வியாதி பிடிபட்டது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் நினைத்தது வேறு. இதை வேறு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

முருகேஸ்வரி கடைக்கு வருவதற்குள் பழைய சாமான் குவியலிலிருந்து ஒரு குழாயைத் தேடி எடுத்து மாட்டி, லீவரைக் குளிர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். மறுநாள் காலை அருளப்பன் சார் அதே மூடுபனியில் சர்ச்சுக்குப் போய்த் திரும்பி வந்தார். வண்டி நடுங்கக்கூட இல்லையாம். "என்னப்பா செஞ்ச?" என்று கேட்டார். பழனிக்குமார் நின்றான், இன்னும் இரண்டு பேர் நின்றார்கள், மேஜையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"கார்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட்டுக்குள்ள நூலு மாதிரி ஒரு அடைப்பு சார். லேசுல யாரு கண்ணுக்கும் தெரியாது" என்றேன்.

அவர் என் முதுகில் தட்டினார். எனக்கு அந்தத் தட்டு இனித்தது, மறைக்க மாட்டேன். முருகேஸ்வரி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. பிறகு பில் புத்தகத்தை எடுத்து, "என்னன்னு எழுத?" என்று கேட்டாள். ஜெட் க்ளீனிங் என்று சொன்னேன். அப்படியே எழுதினாள். போகிற வழியில் திறந்து கிடந்த பானெட்டுக்குள் குழாய் மாட்டியிருப்பதை அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். பிளக் தட்டுக்கு அடியில் அதற்குப் பிறகு தாள் எதுவும் வரவில்லை.

வருகிறவர்களிடம் பேரும் நம்பரும் மட்டும் கேட்டாள். "ஓனரு உள்ள இருக்காரு, அவருட்டச் சொல்லுங்க" என்று அனுப்பிவிடுவாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. எல்லா வண்டிக்காரனும் என்னைத் தேடித்தான் வந்தான். தை மாதம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். சரிபண்ணி அனுப்பின வண்டி ஒன்றிரண்டு கூடுதலாகத் திரும்பி வந்தது. பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்.

மாசியில் அருளப்பன் சார் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆயக்குடிக்குப் போய் ஒரு வாரம் இருந்தார். கீழே நல்ல வெயில். லீவர் குளிர்ப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது; கொதிக்கிற காற்றைக் குடித்து வண்டி இழுவை இல்லாமல் திணறியிருக்கிறது. கீழே இறங்கினால் லீவரைத் திருப்புங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல முடியாது. லீவர் எதற்கு என்று கேட்பார், குழாய் எதற்கு என்று கேட்பார், அப்புறம் ஜெட் எங்கே போயிற்று என்று கேட்பார்.

அவர் திரும்பி வந்த மூன்றாம் நாள் மழை பிடித்து, மலை பூரா மூடுபனி. காலை எட்டு மணிக்கு வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார். அவ்வளவு கோபத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை.

"வளைவுல நின்னுருச்சு பொன்னுவேலு. முன்னாடி பஸ்ஸு, பின்னாடி லாரி. இசபெல்லா அந்த முழங்கால வெச்சுக்கிட்டு எறங்கி நின்னு கை காட்டுறா. லாரிக்காரன் பிரேக் அடிச்சது ஒரு முழத்துல. ஒரு முழம்!" கையை நீட்டி அளந்து காட்டினார். "ஆயக்குடில மெக்கானிக்கு ஜெட்டக் கழட்டி என் கையிலயே குடுத்தான். பளபளன்னு இருக்கு. இந்தக் குழாய் எதுக்குன்னு என்னையக் கேட்டான். எனக்கு என்ன தெரியும்? நீ சொன்னியா? வேண்டாத சாமான்னு கழட்டி எறிஞ்சுட்டான். இப்பச் சொல்லு, திரும்பவும் நூலு அடைச்சிருச்சா?"

பதிலுக்கு இன்னொரு பொய் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. காயில் என்று சொல்லலாம், வயரிங் என்று சொல்லலாம், கமுக்கமாக இன்னொரு குழாயை மாட்டிவிடலாம். மறுபடி அவர் கீழே போவார், மறுபடி எவனாவது கழற்றி எறிவான். இசபெல்லா அம்மா மறுபடி ரோட்டில் நிற்பார். அந்த ஒரு முழம்தான் என்னைப் பேச வைத்தது. என் நல்ல மனசு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

"அடைப்பு எதுவும் இல்ல சார். அன்னைக்கும் இல்ல" என்றேன். "அந்தக் குழாய் இல்லாமத்தான் நின்னுச்சு. நான் கண்டுபிடிக்கல. இவதான் கண்டுபிடிச்சா. நான் மாட்டிட்டு, ஜெட்டுன்னு பொய் சொல்லிட்டேன்."

பழனிக்குமார் டீ கிளாசைக் கீழே வைத்தான். அருளப்பன் சார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவள் மேஜைக்குப் போனார். "அம்மா, எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டு இரண்டு கையையும் கூப்பினார். உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். அவர் அவளைக் கும்பிட்டதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அந்த நிமிஷத்தில்கூட எரிந்தது.

முருகேஸ்வரி எழுந்து அவருக்கு நாற்காலி போட்டாள். லீவரை எப்போது எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று நிதானமாகச் சொல்லி, ஒரு தாளில் எழுதி, வண்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள். அவர் வாங்கிக்கொண்டு வெளியே போனதும் நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். ஏதாவது சொல்வாள், ஒரு சிரிப்பாவது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொண்டிருக்கிறேனே!

"இத அன்னைக்குச் சொல்லியிருந்தீங்கன்னா எனக்காகச் சொன்னதா இருந்திருக்கும்" என்றாள். "இன்னைக்கு வண்டிக்காகச் சொல்றீங்க."

வாசலில் ஒரு பழைய வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, ஸ்லோவில் ஓடாமல் அணைந்து போகிறது என்று பொதுவாக எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னான். நான் அவளைப் பார்த்தேன். கேள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி வைத்தாள்.

"ஓனரு இவருதான். இவருட்டச் சொல்லுங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு, பில் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

டிரைவர் என் முன்னால் வந்து நின்றான். நான் நோட்டைத் திறந்து வண்டி நம்பரை எழுதினேன். அதற்குக் கீழே என்ன கேட்டு எழுதுவதென்று தெரியவில்லை. அவன் காத்துக்கொண்டு நின்றான்.